கருப்பட்டியா, ஸ்டீவியாவா? சுகர் இருக்கும் வீட்டில் எதைப் போடலாம்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது: அப்பாவுக்கு 58 வயது, ஏழு வருடமாகச் சுகர், போன வருடம் இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். வீட்டில் வெள்ளைச் சர்க்கரையை அடியோடு நிறுத்திவிட்டு ஆறு மாதமாகக் கருப்பட்டிதான். ஆனாலும் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 8.1-ஐ விட்டு இறங்கவில்லை. சீனித்துளசி இலையின் இனிப்பான ஸ்டீவியா பாக்கெட் வாங்கினீர்கள். அதன் பின்பக்கத்தில் எரித்ரிட்டால் என்று, சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இன்னொரு இனிப்புப் பொருளின் பெயர் போட்டிருக்கிறது, அது மாரடைப்பைக் கொண்டுவரும் என்று ஒரு காணொளி சொல்கிறது. அம்மா எடை குறைக்கத் தேன் குடிக்கிறார், ஆறு வயதுப் பையனுக்கு எதைக் கொடுப்பது என்றும் தெரியவில்லை. எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்விக்கு அடியில் வேறொன்று இருக்கிறது: மரத்திலிருந்து வந்தால் நல்லது, ஆலையிலிருந்து வந்தால் கெட்டது என்று நம்பலாமா என்பதுதான் அது. நம்ப முடியாது. ஒவ்வொன்றையும் அதனதன் அளவோடு பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

கருப்பட்டியிலிருந்து தொடங்குகிறேன், ஆறு மாதமாகச் சுகர் இறங்காததற்கு ஒரு காரணம் அங்கே இருக்கிறது. பனையில் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். தடவாவிட்டால் வடிகிற பாளைச்சாறு புளித்துக் கள்ளாகிவிடும். தடவினால் அது பதநீர். அந்தப் பதநீரைக் காய்ச்சி இறுக்கிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. தண்ணீர் போனபின் மிஞ்சுவதில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது சீனியில் இருக்கும் அதே பொருள். கரும்பு வெல்லமும் அப்படித்தான்: நூற்றுக்கு 65 முதல் 85 பங்கு சுக்ரோஸ், மீதியில் ஏற்கெனவே பிளந்துபோன குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும், கொஞ்சம் ஈரம், கொஞ்சம் தாது உப்பு. நாட்டுச் சர்க்கரை என்பது பொடியாக்கிய வெல்லம். குடலில் இருக்கும் நொதி இந்த சுக்ரோஸ் பனையில் பிறந்ததா கரும்பில் பிறந்ததா என்று பார்ப்பதில்லை, இரண்டையும் ஒரே மாதிரிதான் பிளக்கிறது. 100 கிராம் சீனியில் ஏறத்தாழ 400 கலோரி என்றால் வெல்லத்தில் 380 சுமார். அந்த வித்தியாசமும் பெரும்பாலும் வெல்லத்தில் இருக்கும் ஈரத்தால் வருவது.

இரும்புச்சத்து இருக்கிறதே என்பார்கள். உண்மைதான், இருக்கிறது. நம் நாட்டின் பழைய உணவு அட்டவணையில் 100 கிராம் கரும்பு வெல்லத்துக்கு 2.6 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறார்கள். நாளொன்றுக்கு 10 கிராம் சாப்பிட்டால் கால் மில்லிகிராம்தான் கிடைக்கும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் சொன்ன தேவை ஆணுக்கு 19, பெண்ணுக்கு 29 மில்லிகிராம். வெல்லத்தை நம்பி அந்த இரும்பை எடுக்கப் போனால், இரும்பு சேருமுன் இனிப்பு எங்கேயோ போய்விடும்.

கருப்பட்டியின் கிளைசெமிக் குறியீடு குறைவு, ஆகவே சுகர்க்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று பரவும் பேச்சை நம்பி யாரும் அளவைக் கூட்டக் கூடாது. ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்பதைக் காட்டும் இந்தக் குறியீடு, பத்துப் பேர் அளவில் சோதித்து எடுக்கும் சராசரி. ஆளுக்கு ஆள், ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். தென்னஞ்சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள்: பிலிப்பைன்ஸில் அளந்தபோது 35, சிட்னியில் அளந்தபோது 54. வெள்ளைச் சர்க்கரையே 65-ஐ ஒட்டித்தான் வரும். 54-ஐ வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மடங்கு போட்டால் லாபம் எங்கே?

இரண்டு மடங்குதான் உண்மையில் நடக்கிறது. சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் இன்றே நிறுத்துப் பாருங்கள். தலைதட்டிய ஒரு ஸ்பூன் சீனி 4 கிராம் சுமார், குவித்து எடுத்தால் 6, 7. கருப்பட்டியை யாரும் ஸ்பூனில் எடுப்பதில்லை. தட்டி உடைத்து, பாக்கு அளவுத் துண்டு ஒன்றைப் போடுவார்கள், அது எளிதாக 8 முதல் 10 கிராம் இருக்கும். நாளைக்கு நாலு தம்ளர் காபி என்றால் 40 கிராம், அதாவது 150 கலோரிக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன விரும்பத்தக்க உச்சவரம்பு, சுகர் இல்லாத ஆளுக்கே, நாளைக்கு 25 கிராம் சுமார். தேனும் பழச்சாறும் வெல்லமும் எல்லாம் அந்த 25-க்குள் அடக்கம். ‘நல்லதுதானே’ என்ற எண்ணத்தில் கை தாராளமாகிவிடுகிறது, கருப்பட்டி செய்யும் கெடுதல் பெரும்பாலும் இதுதான். கருப்பட்டியிலும் வெல்லத்திலும் வெள்ளைச் சர்க்கரையைக் கலந்து காய்ச்சுவதும் உண்டு. ருசிக்காகக் காசு கொடுப்பவர்களுக்கு அது பெரிய ஏமாற்று. ரத்தச் சர்க்கரைக் கணக்கில் மட்டும் பெரிய வேறுபாடு இல்லை.

தேன் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். தேனில் ஏறத்தாழ 17 முதல் 20 சதவீதம் தண்ணீர், மீதி கிட்டத்தட்ட முழுக்கச் சர்க்கரைதான், அதில் ஃப்ரக்டோஸ் சற்றுத் தூக்கல். ஃப்ரக்டோஸ் ரத்தத்தில் குளுக்கோஸை மெதுவாக ஏற்றும் என்பது சரி. ஆனால் அது நேரே கல்லீரலுக்குப் போகிறது, அளவு மீறினால் அங்கே கொழுப்பாகிறது. தேன் கனமானது, ஒரு ஸ்பூன் 7 கிராம், 20 கலோரி. வெந்நீரில் கலந்து வெறும் வயிற்றில் குடித்தால் அது கொழுப்பைக் கரைக்காது. அம்மாவுக்கு இதமாக இருந்தால் குடிக்கட்டும், 20 கலோரி என்று கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். ஒன்று மட்டும் உறுதி: ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனைத் தொட்டும் வைக்கக் கூடாது. சேனை வைக்கிறோம் என்று பிறந்த குழந்தையின் நாக்கில் தடவும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி விதைகள் அந்தப் பிஞ்சுக் குடலில் வளர்ந்து நஞ்சைக் கக்கி, தசைகளைச் செயலிழக்க வைக்கும். அது உயிருக்கே ஆபத்து.

இனி நீங்கள் வாங்கிய பாக்கெட். சீனித்துளசி இலையிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த பொருள் சர்க்கரையைப் போல 200 முதல் 300 மடங்கு இனிக்கும். ஒரு ஸ்பூன் சீனியின் இனிப்புக்கு 20 மில்லிகிராம் போதும், கண்ணால் பார்த்தால் ஒரு சிட்டிகையில் சிறு பங்குகூட இருக்காது. அதை யாரும் அப்படியே விற்க முடியாது, கையால் எடுக்கவே வராது. அதனால் நிரப்புப் பொருள் சேர்க்கிறார்கள். 1 கிராம் பொட்டலம் என்றால் அதில் 970, 980 மில்லிகிராம் வேறு ஏதோ ஒன்றுதான்: எரித்ரிட்டாலோ, டெக்ஸ்ட்ரோஸோ, மால்டோடெக்ஸ்ட்ரினோ. பின்னால் சொன்ன இரண்டும் குளுக்கோஸின் உறவினர்கள், ரத்தச் சர்க்கரையை ஏற்றுபவை. ஒரு பொட்டலத்தில் 1 கிராம்தான் என்பதால் பயமில்லை. டப்பாவிலிருந்து ஸ்பூன் ஸ்பூனாக அள்ளினால் கணக்கு மாறும். ஆகவே முன்பக்கத்தில் உள்ள பச்சை இலைப் படத்தைப் பார்த்து வாங்காமல், பின்பக்கப் பொருள் பட்டியலைப் பாருங்கள். பெயருக்குப் பதில் எண் மட்டும் இருந்தால்: 960 ஸ்டீவியா, 968 எரித்ரிட்டால், 955 சுக்ரலோஸ், 951 அஸ்பர்டேம், 954 சாக்கரின், 965 மால்டிட்டால்.

எரித்ரிட்டால் பற்றிய பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் ஸ்டென்ட் வைத்தவர் விஷயத்தில் இதை ஒதுக்கித் தள்ளவும் கூடாது, பெரிதாக்கவும் கூடாது. அமெரிக்காவின் க்ளீவ்லாந்து கிளினிக் குழு 2023-இல் நேச்சர் மெடிசின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. இதய நோய் ஆபத்து உள்ளவர்களில் ரத்தத்தில் எரித்ரிட்டால் கூடுதலாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்தன. இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் உடலே குளுக்கோஸிலிருந்து எரித்ரிட்டாலைக் கொஞ்சம் தயாரிக்கிறது. வளர்சிதை மாற்றம் கெட்டுப்போனவர்களில் அது கூடுதலாக உருவாகலாம். அப்படியானால் எரித்ரிட்டால் நோயின் அடையாளமாக இருந்ததா, காரணமாக இருந்ததா என்பது அந்தக் கணக்கில் பிரியவில்லை. ஆனால் அதே கட்டுரையில் 8 ஆரோக்கியமான பேருக்கு 30 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் அதன் அளவு ஆயிரம் மடங்கு ஏறி, இரண்டு நாளுக்கு மேல் உயர்ந்தே இருந்தது. 2024-இல் இன்னொரு சோதனை: பத்துப் பேருக்கு எரித்ரிட்டால், பத்துப் பேருக்கு குளுக்கோஸ், இரண்டும் 30 கிராம். எரித்ரிட்டால் குடித்தவர்களின் ரத்தத் தட்டணுக்கள் உறைவதற்கு எளிதாகத் தூண்டப்பட்டன, குளுக்கோஸ் குடித்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. இருபதே பேர், ஒரே ஒரு வேளை. இதை வைத்து ‘மாரடைப்பைக் கொண்டுவரும்’ என்று சொல்லிவிட முடியாது. ஒன்றுமில்லை என்றும் சொல்லிவிட முடியாது.

அளவை இங்கே பொருத்திப் பாருங்கள். எரித்ரிட்டாலின் இனிப்பு சர்க்கரையில் 60, 70 சதவீதம்தான். ஸ்டீவியா கலக்காத வெறும் எரித்ரிட்டால் பையை வாங்கி ஒரு ஸ்பூன் சீனிக்கு ஈடாகப் போட்டால் 7 கிராம் தேவை. ஒரு ஸ்பூன் இனிப்புக் காபி நாலு குடித்தால் 28 கிராம், அந்தச் சோதனை அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சர்க்கரைக்குப் பதில் எரித்ரிட்டால் போட்ட கீட்டோ ஐஸ்கிரீம், கீட்டோ கேக் ஒரே வேளையில் அதைத் தொட்டுவிடும். ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது 1 கிராம் பொட்டலம் என்றால் நாலு காபிக்கும் சேர்த்து 4 கிராம்கூட வராது. என் கருத்து இது: ஸ்டென்ட் வைத்தவர், பக்கவாதம் வந்தவர், இவர்கள் பையில் வரும் வெறும் எரித்ரிட்டாலையும் அதில் செய்த பண்டங்களையும் தவிர்க்க வேண்டும். வாங்கிய பொட்டலத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, அடுத்த முறை சொட்டு மருந்து போல வரும் ஸ்டீவியா திரவத்தை வாங்குங்கள், அதற்கு நிரப்பு தேவைப்படாது. எரித்ரிட்டாலின் இனத்தைச் சேர்ந்த சைலிட்டால் மீதும் 2024-இல் அதே குழு இதேபோன்ற ஐயத்தை எழுப்பியிருக்கிறது. பற்சொத்தையைத் தடுக்கும் சூயிங்கத்தில் வரும் சிறு அளவு வேறு, கேக்கில் கொட்டுவது வேறு. வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டால் எதையும் அதற்கு எட்டாமல் வையுங்கள், நாய்க்கு அது நஞ்சு.

மற்ற மூன்று செயற்கை இனிப்பூட்டிகளைப் பற்றிச் சுருக்கமாக. சாக்கரின் 1879-இல் கண்டுபிடித்தது, இவற்றில் எல்லாவற்றுக்கும் மூத்தது. எலிகளுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்ததால் 1970-களில் கெட்ட பெயர் வாங்கியது. அது எலியின் சிறுநீர்த் தன்மையால் வந்த கோளாறு, மனிதருக்குப் பொருந்தாது என்று பிறகு தெரிந்து, அமெரிக்கா 2000-இல் அதைப் புற்றுநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அஸ்பர்டேமை 2023 ஜூலையில் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி வகுப்பில் வைத்தது. அந்த வகுப்பு சான்று எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்கிறதே தவிர, ஆபத்து எவ்வளவு என்பதைச் சொல்வதில்லை. அதே சமயம் அளவை ஆராய்ந்த இன்னொரு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய தினசரி வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 60 கிலோ ஆளுக்கு அது 2,400 மில்லிகிராம். ஒரு ஸ்பூன் சீனி இனிப்புக்கு 25 மில்லிகிராம் என்றால் 96 ஸ்பூனுக்குச் சமம். ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அஸ்பர்டேமைத் தொடவே கூடாது. சுக்ரலோஸ் சர்க்கரையைவிட 600 மடங்கு இனிப்பு. அமெரிக்க வரம்பு கிலோவுக்கு 5 மில்லிகிராம், இதுவும் ஒரு நாளைக்கு 30 ஸ்பூனுக்கு மேல் தாங்கும்.

வரம்புக்குள் இருப்பதால் எல்லாம் சுகமா என்றால், அங்கேதான் சந்தேகப் பகுதி தொடங்குகிறது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2022-இல் 120 பேரிடம் இரண்டு வாரம் செய்த சோதனையில், சாக்கரினும் சுக்ரலோஸும் எடுத்தவர்களுக்குக் குளுக்கோஸைக் கையாளும் திறன் சற்றுக் குறைந்தது, குடல் நுண்ணுயிர்களும் மாறின. அஸ்பர்டேமும் ஸ்டீவியாவும் எடுத்தவர்களுக்குக் குளுக்கோஸில் அந்த மாற்றம் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆகவில்லை, சிலருக்கு அதிகம், சிலருக்கு ஒன்றுமே இல்லை. 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், எடை குறைக்க இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது. இந்தச் செய்தியைப் பகிர்பவர்கள் இரண்டு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். முதலாவது, அந்தப் பரிந்துரை ஏற்கெனவே சுகர் உள்ளவர்களுக்கு அல்ல என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இரண்டாவது, அதன் பின்னுள்ள நீண்டகாலக் கணக்குகளில் ஒரு முடிச்சு உண்டு: எடை ஏறியவர்களும் சுகர் எல்லையில் நிற்பவர்களும்தான் இவற்றுக்கு மாறுகிறார்கள், பிறகு அவர்களுக்கு நோய் வரும்போது பழி இனிப்பூட்டி மேல் விழக்கூடும். நெதர்லாந்தில் 641 குழந்தைகளை ஒன்றரை வருடம் பின்தொடர்ந்து 2012-இல் வெளியான சோதனையில், தினம் 250 மில்லி சர்க்கரைப் பானம் குடித்தவர்கள் 7.4 கிலோவும், அதே ருசியில் கலோரி இல்லாததைக் குடித்தவர்கள் 6.4 கிலோவும் கூடினார்கள். சர்க்கரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இவற்றை வைத்தால் சிறு பலன் உண்டு என்பது இதில் தெளிவு. ‘டயட் கோலாதானே’ என்று கூடவே ஒரு தட்டு பஜ்ஜி சாப்பிட்டால் அந்தப் பலன் போய்விடும்.

சமையலில் என்ன தவறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அஸ்பர்டேம் கொதியில் உடைந்து இனிப்பை இழக்கும். ஆற்றிய காபியில் போடலாம், கொதிக்கும் பாயசத்தில் போட்டால் சப்பென்றாகி, மறுபடி மறுபடி அள்ளிக் கொட்டத் தோன்றும். சுக்ரலோஸ் பாயசச் சூட்டைத் தாங்கும். 120 டிகிரிக்கு மேல் போனால் குளோரின் கலந்த வேண்டாத பொருள்கள் உருவாகலாம் என்று ஜெர்மனியின் ஆபத்து மதிப்பீட்டு நிறுவனம் 2019-இல் எச்சரித்தது, அதனால் ஓவனில் சுடும் கேக்குக்கும் எண்ணெயில் பொரிப்பதற்கும் வேண்டாம். ஸ்டீவியா கூடினால் நாக்கின் பின்பக்கம் அதிமதுரம் போலக் கசக்கும். அளவைக் குறைத்து, ஏலக்காயோ சுக்கோ சேர்த்தால் மறையும். இவை எதிலும் பாகு வராது. அதிரசம், மைசூர்பாகு, கடலை உருண்டை ஆகியவற்றில் கம்பிப் பதமும் உருண்டைப் பதமும் சர்க்கரையின் எடையால் வருபவை, 20 மில்லிகிராம் பொருளால் அதைத் தர முடியாது. எரித்ரிட்டால் எடை தரும், ஆனால் ஆறியதும் மறுபடி உறைந்து நறநறக்கும், நாக்கில் ஜில்லென்று இருக்கும். கடையில் ‘சுகர் ஃப்ரீ’ என்று விற்கும் மைசூர்பாகில் பெரும்பாலும் மால்டிட்டால் போன்ற ஒன்று இருக்கும். அதில் சர்க்கரையின் பாதி கலோரி இருக்கிறது, ரத்தச் சர்க்கரையையும் ஏற்றும், நாலைந்து துண்டு சாப்பிட்டால் வயிற்றால் போகும். நெய்யும் கடலைமாவும் அப்படியே இருக்கின்றன. ‘டயபெட்டிக்’ பிஸ்கட்டின் மைதாவும் அப்படித்தான்.

அப்பாவுக்கு நான் சொல்வது: காபியில் கருப்பட்டியை நிறுத்துங்கள். அந்த இடத்தில் ஸ்டீவியா சொட்டோ, சுக்ரலோஸ் மாத்திரை ஒன்றோ இருக்கட்டும், ஆனால் இரண்டு மூன்று மாதத்துக்கான கைத்தடியாக. வாரத்துக்குக் கால் பங்கு வீதம் இனிப்பைக் குறைத்து வந்தால் நாக்கு பழகிவிடும், பிறகு அதுவும் தேவைப்படாது. கருப்பட்டி பிடிக்குமென்றால் மாதத்தில் ஒன்றிரண்டு நாள், நிறுத்து எடுத்த 5 கிராம், சுக்குக் காபியில். பாலில் போட வேண்டாம், கொதிக்கும் பாலை அது திரித்துவிடும். ஆனால் காபியை மட்டும் மாற்றினால் 8.1 பெரிதாக இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நடுத்தர அளவு இட்லி நாலில் 40 கிராமுக்குக் குறையாத மாவுச்சத்து இருக்கிறது, ஒரு நாள் முழுக்கப் போட்ட கருப்பட்டிக்குச் சமம். நாலை இரண்டாக்கி, மீதி இடத்தில் சாம்பார்ப் பருப்பும் காயும் வந்தால்தான் சராசரி அசையும். அம்மாவுக்கு இனிப்பூட்டி தேவையில்லை, தேனையும் சீனியையும் அளந்தால் போதும். பையனுக்கும் வேண்டாம். அவன் நாக்கு இனிப்பின் உயரத்தை இப்போதுதான் கற்றுக்கொள்கிறது, 250 மடங்கு இனிப்பை அதற்குக் காட்ட வேண்டியதில்லை. பாலில் சீனியைக் குறைத்து, மோரும் தண்ணீரும் முழுப் பழமும் கொடுங்கள்.

கருப்பட்டியை நிறுத்துமுன் அப்பாவின் மாத்திரைப் பட்டையை ஒருமுறை பாருங்கள். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு என்று ஏதாவது இருந்தாலோ, இன்சுலின் போட்டாலோ, தினம் 40 கிராம் இனிப்பைத் திடீரென எடுக்கும்போது சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்பு உண்டு. மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, முதல் இரண்டு வாரம் சாப்பாட்டுக்கு முன் வீட்டில் சோதித்துப் பாருங்கள். வியர்த்து, கை நடுங்கி, ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் ஸ்டீவியாவும் டயட் பானமும் ஒன்றுக்கும் உதவாது. 15 கிராம் குளுக்கோஸ் பொடி, மூன்று நாலு ஸ்பூன், அரைத் தம்ளர் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை. நினைவு மங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பட்டையில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்றும் போட்டிருந்தால் சீனி, வெல்லம், கருப்பட்டி எதுவும் அவசரத்துக்கு ஆகாது, ஏனென்றால் அந்த மாத்திரைகள் சுக்ரோஸைப் பிளக்கும் நொதியைத்தான் தடுக்கின்றன. குளுக்கோஸ் பொடி மட்டுமே வேலை செய்யும், மருந்துக் கடையில் ஒரு டப்பா வாங்கி அப்பாவின் கட்டில் பக்கம் வைத்துவிடுங்கள்.